மதியத்தில் தாழும் நீர்

இல்லை, பவானி அக்கா ஆற்றில் விழவில்லை. அவரை அறிந்த பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஈப்போவில், வீட்டில், பகலில், இதயம் நின்றது. செய்தி வந்தபோது நான் காம்பாரில், அவர் அனுப்பியிருந்த நீர்மட்ட அளவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஆற்றோர மரங்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அளப்பது எங்கள் இருவரின் வேலை. வறண்ட நாடுகளின் கேள்வி அது. மழை பொய்க்கும்வரை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. சுங்கை சிப்புட் அருகே, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சிற்றாறு. கீழே காய்கறி போடும் சேகர் அண்ணனின் பம்ப் மதியமானால் காற்றை இழுத்தது.

முதல் நாள் அக்கா என்னை, ஆற்றில் நட்டிருந்த அளவுகோலுக்கு எதிரே உட்காரவைத்தார். பத்து மணிக்குமேல் நீர் இறங்கத் தொடங்கியது. யாரும் மொள்ளவில்லை. இலை அசையவில்லை. கல்லில் ஈரக்கோடு மட்டும் மேலே நின்றது.

“குடிக்குது, பாத்தியா?”

“சத்தமே இல்லையேக்கா.”

“அதான்லா பயமா இருக்கு. சத்தம் போட்டுக் குடிச்சா மாடுன்னு நெனச்சுக்கலாம்.”

மாலையில் நீர் மெல்ல ஏறியது. எங்கோ போய்விட்டுத் திரும்பியதுபோல.

தண்ணீர் உறிஞ்சுவதை அளக்கும் கருவி பொருத்திய ஐந்து மரங்களுக்கு அடையாளமாக அக்கா மஞ்சள் துணி கட்டினார். பிறகு நிலத்துக்காரர், பம்புக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று, கரை மரங்களை வெட்டச் சொன்னார். ஆட்கள் அந்த ஐந்தைத் தொடவில்லை. அடுத்த முறை போனபோது வெட்டவெளியில் ஐந்து மரங்கள். அடியில் குங்குமம், எலுமிச்சம்பழம்.

“நான் அடையாளத்துக்குக் கட்டுனேன். சாமி அதுவா வந்து உக்காந்துகிச்சு,” என்று சிரித்தார். யாரிடமும் மறுக்கவில்லை.

மரங்களை வெட்டிய சில வாரங்களில் மதிய நீர் மீண்டும் பழைய அளவுக்கே தாழ்ந்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. அடிக்கட்டைகள் ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். சில ஈரமாக இருந்தன.

“ஏன்கா?”

“தெரியல. அளந்தத மட்டும் எழுது.”

தகனம் முடிந்த மறுநாள் சேகர் அண்ணன் போன் செய்தார்.

“தங்கச்சி, நெசமா சொல்லு. அந்தத் துணி சாமிக்கா, உங்க ஆராய்ச்சிக்கா? ஆராய்ச்சிக்குன்னா மிச்ச அஞ்சையும் எடுத்துருவோம்லா.”

சாமிக்கு என்றால் மரங்கள் பிழைக்கும். அக்கா மறுக்காமல் விட்டதால்தான் இதுவரை நின்றன. அக்காவின் பெயரில் ஒரு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“ஆராய்ச்சிக்குத்தான் அண்ணே. ஆனா அத்தன மரத்த வெட்டியும் உங்க பம்புக்குத் தண்ணி வந்துச்சா?”

“வரலதான்.”

“வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட உக்காருங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். தண்ணியப் பாருங்க.”

“மதியத்துல, அங்கயா?” தயங்கினார். “சரி, வாரேன்.”

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, ஒரு பகல் முழுக்கத் தண்ணீரைப் பார்த்து உட்காரும் பொறுமை. கூடவே அந்தப் பயமும்.

சனிக்கிழமை காலை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினேன்.