கடைசி வீட்டுக் குழாய்

பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க் ஆபரேட்டரின் மனைவி இறந்த அன்று எங்கள் காலனி முழுக்க வந்திருந்தது. உத்திரமேரூர்ச் சொந்தங்களும் வந்தார்கள். வராதது அவருடைய ஒரே மகள். காதலித்துக் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவின் கடைசி வீட்டில் இருக்கிறாள். காலனிக்குள் கால் வைத்தால் திரும்பி வரக்கூடாது என்பது மாமனார் சொல்.

ஆபரேட்டர் ஒல்லியான மனிதர். தினமும் வால்வைத் திருப்பியதும் குந்தி, குழாயில் காதை வைத்துக் கேட்பார். கடைசி வீடுவரை தண்ணீர் போகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சுடுகாட்டிலிருந்து நேராக வால்வுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"பெரிப்பா, பொண்ண அனுப்பலன்னு ஸ்டேஷனுக்கு நானே மனு எழுதறேன்."

"நீ எழுதிட்டுப் பூடுவ. அது அங்கதான குடும்பம் பண்ணிக்கினு கீது?"

"அப்ப இந்த நேரத்துல இன்னாத்துக்குத் தண்ணி?"

"பெத்தவ செத்தா தலைக்கு ஊத்திக்கணும்டா. இந்தச் சாவுக்கு வூட்டுத் தொட்டியில மொள்ள வுட மாட்டாங்க. குழாய் தெருவுல கீது. யாரையும் கேக்க வேணாம்."

வால்வைத் திறந்தார். மண்ணில் மண்டியிட்டுக் காதை வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அவள் குளித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரங்கெட்ட நேரத்தில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடியதாக மறுநாள் பஞ்சாயத்துக்குப் புகார் போனது. கொடுத்தவர் அந்தக் கடைசி வீட்டு மாமனார்தான். நான் கொதித்தேன்.

பெரியப்பா மட்டும், "அப்ப தண்ணி அதுவரைக்கும் எட்டிகீது," என்றார்.

அந்த மாதச் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் பிடித்தார்கள்.