தண்ணீர் ஊற்றுகிற கம்பவுண்டர்

“மாப்பிள்ளை எங்கன இருக்காரு?” என்று கேட்டுக்கொண்டேதான் கம்பவுண்டர் சுஐபு காயம்பட்டவர்களின் வீடுகளுக்குள் நுழைவார். அடிபட்டவன் ஒரு பக்கம் முனகிக்கொண்டு கிடப்பான். இவர் கண் சுவரில் மேயும். ஆணியில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கிதான் மாப்பிள்ளை. எண்ணெய் போட்டுத் துடைத்து, வீட்டிலேயே நல்ல இடத்தில் வைத்திருப்பதால் அந்தப் பட்டம். ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். குடிக்கத்தான் என்று கொண்டுவந்து கொடுத்தால், அவ்வளவையும் குழாய்க்குள் ஊற்றிவிட்டுத்தான் புண்ணைப் பார்க்கக் குனிவார்.

“ஐயையோ, மருந்து வீணாப் போச்சே!” என்று வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். வம்பெல்லாம் அந்த மருந்தால்தான். வாய்ப்பக்கமாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக்குண்டைப் போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி. பன்றியோ கவுதாரியோ கண்ணில் படவில்லையென்றால், கெட்டித்ததைச் சும்மா வெடித்துத் தீர்க்க இந்தக் கடலாடிப் பக்கத்தில் ஒருவனுக்கும் மனசு வராது. நாளைக்கு ஆகுமே என்று அப்படியே மாட்டிவிடுவார்கள். பிறகு துடைக்கும்போது கையில் சுட்டுக்கொள்வது, ஊன்றிக்கொண்டு நின்று காலில் சுட்டுக்கொள்வது. “தண்ணி குடிச்சிட்டாருல்ல, இனிமே சும்மா கெடப்பாரு” என்பார் சுஐபு.

ஊர் பாம்பன், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. காற்றோடு கத்திப் பேசி வளர்ந்த தொண்டை. காதோடு சொல்ல வேண்டியதையும் தெருவுக்கே கேட்கச் சொல்வார். மனைவி நஃபீசா பாம்பனில், இவர் இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில். புண்ணில் சாணியை அப்பிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் மட்டும் மனிதருக்குப் பொல்லாத கோபம் வரும். “வாய் கிட்டிச்சு ஜன்னி வந்து சாகணும்னு ஆசையாடா?” என்று வைதுகொண்டே கழுவுவார். குண்டோடு சதைக்குள் போன நாரை இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுப்பார். ஒரு இழை உள்ளே தங்கினாலும் சீழ் பிடித்துவிடும். “கயிறே திரிக்கலாம் போலருக்கே” என்று அவர் சொன்னால், வலியில் துடிக்கிறவனும் ஒரு கணம் சிரித்துவிடுவான்.

செல்லச்சாமி சிரிக்கவில்லை. மழை பொய்த்து, மிளகாய்ச் செடியெல்லாம் கருகிப்போன தை மாதத்தில் அவரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இடது தோள் சிதைந்திருந்தது. “தொடைக்கயில கை தவறி வெடிச்சிருச்சு” என்றாள் மனைவி இருளம்மாள். டாக்டர் காயத்தைப் பார்த்தார், சுஐபு செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்தார். கை தவறியது அல்ல என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. சாகப் பார்த்தான் என்று தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே வராமல் செத்துப்போனவர்களும் உண்டு. “முதல்ல புண்ணைப் பாருங்க” என்றார் டாக்டர். தோள் தப்பியது.

வீட்டுக்குப் போன பிறகும் கட்டு மாற்ற சுஐபு சைக்கிளில் போய்வந்தார். துப்பாக்கி பழைய ஆணிக்கே திரும்பியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் இன்றைக்குத்தான் ஆகும். நாளைக்கு வேறு மருந்து கெட்டிக்கலாமே. “இதைக் கருப்பசாமிக்கு நேந்து விட்டுருங்க. அண்ணன் மனசு தேறுற வரைக்கும் சாமியே வச்சிருக்கட்டும்” என்றார். நேர்ந்துவிட்டதை அந்த ஊரில் பூசாரியைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள்.

இருளம்மாளின் தம்பி மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை. “தொழுகுற ஆளு நீங்க, எங்க சாமியக் காட்டுறீகளா? லைசென்சுத் துப்பாக்கிங்க. கோயில்ல கொண்டுபோயி வச்சா ஊரு என்ன பேசும்?”

“ஊரு பேசட்டும். ஒங்க மச்சானும் பேசிக்கிட்டு இருக்கணும்ல?”

மலையாண்டியே துப்பாக்கியை ஆணியிலிருந்து இறக்கினான். மறுநாள் மஞ்சள் துணி சுற்றிய துப்பாக்கி, கருப்பர் கோயிலில் அரிவாள்களோடு சாத்தி வைக்கப்பட்டது.

ஆபத்து நீங்கிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். சுஐபுக்கு மட்டும் நிம்மதி இல்லை. கிணறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, எதையெல்லாம் சாமிக்கு விடுவது? கட்டுப் போடும்போதெல்லாம், வயிற்றுக்குப் போனதா என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்பார்: “செத்துப்போகலாம்னு இன்னும் தோணுதாண்ணே?”

இருளம்மாள் இடைமறிப்பாள். “இப்பிடிக் கேட்டு ஞாபகப்படுத்தலாமாண்ணே?”

“பசிக்குதான்னு கேட்டா, இல்லாத பசி வந்துருமாத்தா?”

செல்லச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வெடித்த நாளிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை.

மாசி பிறந்து, இருபத்தொன்பதாம் நோன்பும் வந்தது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். நஃபீசாவுக்குப் புடவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கட்டு மாற்றிவிட்டு அப்படியே ரோட்டில் பஸ் பிடிப்பதாக வந்திருந்தார் சுஐபு. அந்தச் சாயங்கால பஸ்ஸை விட்டால் பெருநாளுக்கு வீடு போய்ச் சேர முடியாது. புண் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கேட்டார், செல்லச்சாமி வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டி, வாசலில் செருப்பையும் மாட்டிவிட்டார். ரோட்டில் ஹாரன் கேட்டது.

“தோணுது மரைக்காரே.”

உள்ளேயிருந்து வந்த குரலை முதலில் இருளம்மாளுக்கே அடையாளம் தெரியவில்லை.

“காலையில முழிப்புத் தட்டுனதும் தோணுது. ஏன்டா முழிச்சோம்னு இருக்கு.”

இருளம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பயமா, அவர் வாய் திறந்துவிட்ட சந்தோஷமா, அவளுக்கே தெரியாது. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. மலையாண்டி, “ஓடுனீகன்னா புடிச்சிரலாம்” என்றான்.

சுஐபு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையைச் சுவரோரம் வைத்தார். கட்டில் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்லச்சாமியின் நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.