பேசிக் எவ்வளவு?

போன வாரம் என் தம்பி மகன் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் உட்காருவதற்கு முன்னாலேயே டீசல் வாசனை வந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய லோரி ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாம். சுங்கை சிப்புட்டில் ஒரு லோரி கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமை போகவேண்டுமாம். கைப்பேசியில் விளம்பரத்தைக் காட்டினான். லோரி முன்னால் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மாதம் ஆறாயிரம் வெள்ளி வரை’. அந்த ‘வரை’ மட்டும் எறும்பு மாதிரி இருந்தது.

“ஞாயித்துக்கிழமை கமுந்திங்ல பொண்ணு வீட்டுக்குப் போறோம் அத்தை. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும். ஆறாயிரம்னு சொல்லிருங்கலா.”

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் முன்னால் பேசுவது நான்தான். வாய் கொஞ்சம் நீளம் என்பதற்காகக் கிடைத்த பதவி. ஆனால் அன்றைக்குச் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. அந்த வாசனை என்னை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

என் வீட்டுக்காரரும் லோரி ஓட்டியவர்தான். அவர் சட்டையை மற்றத் துணியோடு ஊறவைத்தால் என் சேலையும் ஜொகூருக்குப் போய்வந்த மாதிரி மணக்கும். அதற்கென்றே ஒரு தனி வாளி வைத்திருந்தேன். சொல்லப்போனால், அவர் பெண் பார்க்க வந்த அன்றே அந்த மணத்தை நான் பார்த்துவிட்டேன். குளித்து, பவுடர் போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். பவுடரையும் மீறி டீசல் அடித்தது.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். நான் கமுந்திங்கில் கையுறை செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தேன். அந்தக் கிலாங்குக்கு ஆள் சேர்க்க ஒருவர் தோட்டத்துக்கு வந்தபோது, மாதம் தொள்ளாயிரம் என்றார். எங்கள் லயத்துப் பெண்கள் பாதிப் பேர் அந்தத் தொள்ளாயிரத்தை நம்பி பஸ் ஏறினோம். முதல் சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. தொள்ளாயிரம் என்பது ஓட்டி என்கிற கூடுதல் நேர வேலை, ராத்திரி ஷிப்ட், ஞாயிறு வேலை எல்லாம் சேர்த்துத்தானாம். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்ன ஆனாலும் மாதா மாதம் வருவது பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு யார் எந்தச் சம்பளத்தைச் சொன்னாலும் மனசுக்குள் பேசிக்கைப் பற்றிய கேள்வி தானாக எழுந்து நிற்கும்.

பெண் பார்க்க வந்த அன்று அது மனசுக்குள் நிற்கவில்லை. சிராப் தண்ணியைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை, பையனுக்கு லோரியில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று அறிவித்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணிக்குக்கூட அவ்வளவு கிடையாது. அவர் வாய் நிறைய சிரிக்க, தட்டோடு நின்ற நான் கேட்டுவிட்டேன்.

“பேசிக் எவ்வளவு?”

அம்மா அடுக்களை வாசலிலிருந்து கண்ணாலேயே என்னை அடித்தாள். மாப்பிள்ளையின் அத்தை, அதெல்லாம் பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா என்று ஆரம்பித்தார். ஆனால் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“அறுநூறு. மத்ததெல்லாம் ட்ரிப்பு காசு. லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசந்தான் ஆச்சு, தூரத்து ட்ரிப்பு எல்லாம் பழைய ஆளுங்களுக்குத்தான் போவும். எனக்குக் கல்லுமலையிலேருந்து சிமெண்டு கிலாங்குக்கு, அவ்வளவுதான். இப்போதைக்குக் கையில ஆயிரம் வந்தா பெருசு.”

அவருடைய அத்தை சிராப்பைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் போனபிறகு, இந்த இடம் வேண்டாம் என்று அப்பா முடிவாகச் சொன்னார். ஆயிரம் வெள்ளிக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவருக்கு ஆறவில்லை. மாப்பிள்ளை இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறிலேயே நின்றிருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் படுத்து, இவர்தான் என்று சம்மதம் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் என்பது வெளியே சொன்னது. அம்மா ராத்திரி தட்டில் போட்டு மூடி வைத்ததைச் சாப்பிட்டேன்.

கல்யாணமான முதல் வருஷம் சீனப் பெருநாளுக்குத் தவுக்கே, அவருடைய முதலாளி, லோரிக் கொட்டகையை இழுத்து மூடிவிட்டார். லோரி ஓடாத நாளுக்கு ட்ரிப்பு காசு ஏது? அந்த மாதம் வெறும் பேசிக். என் ஓட்டியும் சார்டின் டின்னும்தான் எங்களைக் காப்பாற்றின. பிறகு அவருக்கும் தூரத்து ட்ரிப்பு வந்தது. கிள்ளான் துறைமுகம், ஜொகூர் என்று போனார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாவிட்டாலும், நல்ல காசு. மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். ஆனால் இந்த வீட்டுக்குக் கடன் கேட்கப் போனபோது வங்கிக்காரர் அந்த நல்ல காசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கைப் பார்த்தார், அப்புறம் என் சம்பளச் சீட்டைப் பார்த்தார்.

இப்போது அவருக்குச் சர்க்கரை. கண் போய், லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. ட்ரிப்பு நின்ற அன்றே ட்ரிப்பு காசும் நின்றது. அவர் கம்பெனியில் சேமநிதி பிடித்ததெல்லாம் பேசிக்கில்தான். இன்று நாங்கள் சாப்பிடுவது அந்தப் பேசிக்கில் மிஞ்சியதைத்தான். வாய்க்கொழுப்பில் கேட்ட கேள்வி இத்தனை வருஷம் எங்களோடு கூடவே வரும் என்று தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மகன்தான் காரை ஓட்டினான். சுங்கை சிப்புட் வந்ததும், உன் கம்பெனியைக் காட்டு என்றேன். காட்டினான். அது எங்கள் தோட்டம். லயம் இருந்த மேட்டைத் தட்டி, தார் போட்டு, லோரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை இருந்த பக்கம் காவலாளியின் கூண்டு.

பேசிக் எவ்வளவு என்று கேட்டாயா என்றேன்.

“கேட்டா வேலை குடுக்க மாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு அத்தை.”

போய்க் கேட்டுவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தில் ஆள் இருந்தது. போனவன் திரும்பி வர நேரமானது. வந்து கதவைச் சாத்திவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆயிரத்து எழுநூறு. முதல் மூணு மாசம் கிட்டத்து ட்ரிப்புதானாம். எல்லாஞ் சேத்து ரெண்டாயிரத்து சொச்சம் வந்தா அதிகம்னு கிராணி சொல்றாரு.”

கமுந்திங் போகலாமா, வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். அவனுக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

“போலாம் அத்தை. சம்பளத்த நீங்க சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்.”

காரை எடுத்தான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கூடம் எங்கே இருந்தது, என் வீட்டுக்காரர் எந்த இடத்தில் உட்கார்ந்து அறுநூறு என்றார் என்று இவனுக்குக் காட்டலாமென்றால், கையை நீட்ட ஒரு செங்கல்கூட அங்கே மிச்சமில்லை.