புல்லட்டின் இரண்டு மீட்டர்கள்

என் கணவருக்குக் காது கேட்காமல் போனது ஒரு ஆடி மாதக் காய்ச்சலுக்குப் பிறகு. இடது காது முன்பே மந்தம். காய்ச்சல் விட்டு எழுந்தபோது வலது காதும் போயிருந்தது. வேலூரில் காட்டினோம். நரம்பு பாதித்துவிட்டது, மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றார் டாக்டர். இவர் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, "தகர டப்பால கல்லு போட்டு ஆட்டற மாதிரி இருக்கு" என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

கடையில் பெரிய சிரமமில்லை. அது பெயிண்ட் கடை. வருகிறவர்கள் கலர் அட்டையைப் புரட்டி ஒரு கட்டத்தில் விரலை வைப்பார்கள், இவர் டப்பாவை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் நான் முகத்துக்கு நேராக நின்று மெதுவாகப் பேசினேன். புரியாவிட்டால் அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். இதற்கெல்லாம் பழகிக்கொண்டோம். பழக முடியாமல் போனது புல்லட்தான்.

அது எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தது. அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதே அதற்கு வயது ஜாஸ்தி. ஹெட்லைட்டின் தலையில் இரண்டு வட்டக் கண்ணாடிகள் உண்டு. பெரியது ஸ்பீடு மீட்டர். சின்னது ஆம்ப் மீட்டர், பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவது. நான் மருமகளாக வந்த நாளிலிருந்தே இரண்டும் இறுகிக் கிடந்தன. வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கும்போதும் ஸ்பீடு மீட்டரின் முள் முப்பதில் இருக்கும், செங்கம் ரோட்டில் புடவை பறக்கப் போகும்போதும் முப்பதில்தான் இருக்கும்.

"இதைச் சரி பண்ணக்கூடாதா?" என்று புதிதில் கேட்டிருக்கிறேன்.

"எதுக்கு? வண்டியே சொல்லுதே" என்பார்.

உண்மைதான். எப்போது கியர் மாற்ற வேண்டும், எப்போது செயின் தளர்ந்திருக்கிறது, ஆயில் எப்போது குறைந்தது எல்லாவற்றையும் அவர் சத்தத்திலிருந்தே தெரிந்துகொள்வார். நான் பின்னால் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டே வருவேன். சில சமயம் "கொஞ்சம் இரு" என்று கையைத் தூக்குவார். வண்டி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு.

காய்ச்சலிலிருந்து தேறியதும் ஒரு நாள் தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வருவது தெருமுனையிலேயே எனக்குக் கேட்டது. வண்டி கதறிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்திருக்கிறார். இறங்கியவர் முகத்தில் ரத்தமில்லை.

"எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்கம்மா. வண்டியத்தான் ஆசையா பாக்கறாங்கனு நெனச்சேன். அப்புறம் டீக்கடைல ஒருத்தன் ரெண்டு காதையும் பொத்திக் காட்டறான்."

"சீட்ல அதிர்வு தெரியாதாங்க?" என்று கையில் எழுதிக் கேட்டேன்.

"ஓடுதுனு தெரியுது. எப்படி ஓடுதுனுதான் தெரியல."

அன்று தார்ப்பாயைப் போட்டு மூடினார். சாவி எங்கே போனதென்று நானும் கேட்கவில்லை. மாலையில் கடையை மூடிவிட்டு ஆட்டோவில் வருவார், சாப்பிடுவார், படுப்பார். என்னிடம் பேசுவதும் கம்மியாகிவிட்டது. தன் குரல் உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று தெரியாத ஒருவருக்குப் பேசவே கூச்சம் வரும் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கார்த்திகை தீபமும் வந்து போயிற்று. ஊரே தெருவில் நின்றபோது அவர் மொட்டை மாடியில் தனியாக நின்று கும்பிட்டார்.

பொங்கல் முடிந்ததும், "வித்துடலாம்" என்றார்.

வாங்க வந்தவர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த புனே பையன். லேப்டாப்பில் வேலை, வாய் நிறைய சிரிப்பு, அரைகுறைத் தமிழ். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிடித்திருந்தது. ஒரே ஒரு குறைதான். போனில் தமிழில் தட்டி இவரிடம் காட்டினார்: "மீட்டர் இரண்டும் வேலை செய்ய வேண்டும் சார்." சரி என்று இவர் தலையாட்டினார்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் நான் போய்க் கேட்டேன். "ரிப்பேர்லாம் ஆவாதுக்கா. பழச கழட்டிட்டு புதுசு மாட்டிடலாம். பாக்கறதுக்குப் பழசு மாதிரியேதான் இருக்கும்" என்றார். அதுதான் சுலபம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வேறு எண்ணம் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே வேலையில் கை வைத்து வெகு காலம் ஆகியிருந்தது.

"நானே பிரிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

"உடைச்சிடுவ."

"உடைஞ்சா புதுசு மாட்டிக்கலாம்."

எனக்கு ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தம் எடுப்பது, சிலைடில் தடவுவது, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது. விரல் நடுங்காது என்கிற ஒரு தைரியம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தேன். அவரே போய் இரண்டு மீட்டரையும் கழற்றிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, டிவி பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஸ்பீடு மீட்டரின் கண்ணாடியைச் சுற்றியிருந்த தகர வளையத்தைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி. ஒரு இடத்தில் அவசரப்பட்டிருந்தால் கண்ணாடி போயிருக்கும். அது கழன்றதும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது, எப்போதோ பூட்டிய அறையைத் திறந்த மாதிரி. முள் துருப்பிடித்திருந்தது. அடியில், சக்கரத்திலிருந்து கேபிள் வந்து சுழற்ற வேண்டிய தண்டு அசையவே இல்லை. உள்ளே போட்டிருந்த கிரீஸ் காய்ந்து கட்டியாகிக் கருப்பட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

முள்ளைப் பிடுங்குவதற்கு இடுக்கியை வைத்தேன். அப்போது என் கை மேல் அவர் கை வந்து விழுந்தது. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

"இழுக்காத. அடியில முடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அது வளைஞ்சா அவ்ளோதான்."

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன் டார்ச்சை அவர் பிடித்தார். நான் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்துத் தண்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறவிட்டு, துடைத்து, மறுபடி விட்டோம். நடுவில் நான் தாளித்த சாதம் செய்து கொண்டுவந்தேன், மேஜையில் இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மதியம் தாண்டி, அவர் தண்டை விரலால் திருகிப் பார்த்தபோது அது சுழன்றது. திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

தையல் மெஷின் ஆயில் ஒரு துளி விட்டோம். கடையிலிருந்து பெயிண்ட் கலக்கும் டிரில் மெஷினைக் கொண்டுவந்து, அதன் வாயில் மீட்டர் கேபிளைக் கவ்வ வைத்து மெதுவாக ஓட்டினார். முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தலைகீழா சுத்தறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது. டிரில்லின் பட்டனை மாற்றிப் போட்டு அழுத்தினார். முள் ஒரு முறை உதறிவிட்டு மேலே ஏறியது. முப்பது, நாற்பது, ஐம்பது. விட்டால் இறங்கியது. மறுபடி ஏற்றினார். அதிலேயே கொஞ்ச நேரம் விளையாடினார்.

ஆம்ப் மீட்டர் தேறவில்லை. உள்ளே கருகியிருந்தது. சென்னையிலிருந்து பார்சலில் புதிது வரவழைத்து, அடுத்த ஞாயிறு இரண்டையும் வண்டியில் மாட்டினோம். அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்தினால் அந்தச் சின்ன முள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நடுவுக்கு வருகிறது. அந்த இடத்தில் உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு காலம் காதாலும் காலாலும் கண்டுபிடித்துக்கொண்டிருந்த இடத்தை இப்போது கண்ணால் பார்த்தார். ஒரே உதை. முள் எம்பிக் குதித்து, பிறகு லேசாகத் துடித்துக்கொண்டு நின்றது.

"ஓடுது" என்றார், மீட்டரைப் பார்த்து.

ஸ்பீடு மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத்தானே புனே பையனிடம் கொடுக்க வேண்டும்? அதற்காக நான் பின்னால் ஏறிக்கொண்டேன். என் போனில் வேகம் காட்டும் ஆப் இருந்தது. இரண்டு பக்கக் கண்ணாடியையும் அவர் திருப்பித் துடைத்துக்கொண்டார். செங்கம் ரோட்டைத் தாண்டி அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பியதும் கூட்டம் குறைந்தது. வலது கைப்பக்கம் மலை வெயிலில் கிடந்தது. போனை அவர் தோளுக்கு மேல் நீட்டிப் பிடித்தேன். போனைவிட முள் கொஞ்சம் ஜாஸ்தியாகக் காட்டியது, அவ்வளவுதான்.

முதலில் அவர் முதுகு பலகை மாதிரி விறைத்திருந்தது. முள் இருபதைத் தொட்டதும் கியர் மாற்றினார். முப்பத்தைந்தில் அடுத்தது. ஒரு பள்ளத்தில் வேகம் குறைந்தபோது மீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரைக் குறைத்தார். வண்டி எங்கேயும் கதறவில்லை. அடி அண்ணாமலைக் கடைத்தெருவைத் தாண்டும்போது அவர் தோள் இறங்கிவிட்டிருந்தது. நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். திரும்பலாம் என்று இருவருமே சொல்லவில்லை. மலையை முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

புனே பையன் மறுநாள் வந்தார். இவர் அவரை உட்கார வைத்து, காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. குடுக்க மனசு வரல."

பையன் எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. பிறகு "பரவால்ல சார், ஒரு ரவுண்டு மட்டும்" என்று பின் சீட்டைத் தட்டிக் காட்டினார். இவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போன மாதம் ஒரு நாள், கடைக்குக் கிளம்பும் முன் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"சத்தம் எப்படிம்மா இருக்கு?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று உதட்டை அசைத்தேன்.

"நல்லானா எப்படி? மேல பக்கம் டிக்டிக்னு எதுனா வருதா?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முதலில் எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. கண்ணை மூடிக் கேட்டபோது உள்ளே, மேலாக, மெல்லியதாக ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவர் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் அதே மாதிரி தட்டிக் காட்டினேன். டிக், டிக், டிக்.

"அதேதான்" என்றார். "வால்வைத் தட்டற டேப்பட் தளர்ந்திருக்கு. சாயங்காலம் நீயும் வா, மெக்கானிக்குக்கு நீதான் சொல்லணும்."