ராகு காலத்துக்கு முன் புறப்பட்ட பஸ்

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பத்தாறுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. அப்போதுதான் நான் பஸ் சாரதியிடம், "எல்லாரும் ஏறியாச்சு, எடுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கும்.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஐஸ் ஹொக்கி வீரர்கள். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள்தான், ஆனால் தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணி அல்ல. என்றாவது ஒருநாள் அந்த அணி கூப்பிடும் என்ற நம்பிக்கையில் சின்ன ஊர்களில் போய்ப் பல்லை உடைத்துக்கொள்ளும் ரொறன்ரோ அணி. நான் அவர்களின் பயண முகாமையாளர். ஊரில் கணிதம் படிப்பித்தவள். இங்கே அணி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தேன். பஸ், ஹோட்டல், சாப்பாடு என்று ஒருவருக்கும் பிடிக்காத வேலைகள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பதவி என்று சொல்லி எனக்கே தந்துவிட்டார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பவும் தொலைபேசிக்கு என்பது ஒப்பந்தம். ஸ்கேற்றைக் கையால்கூடத் தொட்டறியாத பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்பது பயிற்சியாளரின் கேள்வி. நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

என் பொறுப்பில் நடந்த முதல் வெளியூர்ப் பயணம் அது. ஒன்பதேகாலுக்குப் புறப்படுவதாக இருந்ததைத் தமிழ்க்கடைக் கலண்டரைப் பார்த்து ஒன்பதுக்கு முன்னே இழுத்தேன். பயிற்சியாளரிடம் "ட்ரஃபிக்" என்றேன். வீட்டிலிருந்து ஓடிவந்த அவசரத்தில் என் இடியப்பப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு விளையாட்டு. போகும் வழியில் நெடுஞ்சாலைக் கோப்பிக் கடையில் இறங்கியபோது பயிற்சியாளர் கேட்டார், "கோல்கீப்பர் எங்கே?"

நான் பஸ்ஸுக்குள் ஏறி இருக்கைகளுக்குக் கீழேயும் பார்த்தேன். ஆறடி மூன்று அங்குல மனிதரை அங்கேயா தேடுவது!

எங்கள் கோல்கீப்பருக்கு ஒரு பழக்கம். எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கட்டடத்தை விட்டு வெளியே வருவார். வரும்போது கதவு நிலையை இரண்டு தரம் தட்டுவார். இல்லாவிட்டால் தோற்றுவிடுவோமாம். அதை முதலில் கேட்டபோது, படித்த நாட்டில் இப்படியும் மூடநம்பிக்கையா என்று மனதுக்குள் சிரித்தவள் நான். அன்றைக்கு அவர் தன் ராகு காலத்தைப் பார்க்க, நான் என்னுடையதைப் பார்த்திருக்கிறேன். கணித ரீச்சர், ஆட்களை எண்ணவில்லை.

மற்றக் கோல்கீப்பர் மணிக்கட்டில் கட்டோடு வந்திருந்தார். பயிற்சியாளர் சத்தம் போடவில்லை. "தொலைபேசி எடுப்பது நல்ல வேலை" என்று மட்டும் சொன்னார்.

கோப்பிக் கடைப் போனில் ரொறன்ரோவில் எங்கள் அரங்கின் காவலாளியை அழைத்தேன்.

"உன் மகள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். உங்கள் ஆட்டம் எந்த ஊரில் என்று என்னிடம்தான் வழி கேட்டாள்" என்றார் மனிதர், பெரிய உதவி செய்தவரைப்போல.

இதைச் சொன்னதும் பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. நான் அடுத்த அழைப்புக்குக் காசு தேடினேன். மகளுக்குப் பதினேழு வயது. லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம். வோபர்ன் பள்ளிக்கூடத்திலிருந்து நூலகத்துக்கும் திரும்ப வீட்டுக்கும், அதுவும் மழை இல்லாத நாளில், அவ்வளவுதான் நான் விட்ட தூரம். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு எடுத்தேன். "இஞ்சருங்கோ, பிள்ளை ஹைவேயில ஏறிட்டாள்!"

கணவர் முழுக்கதையையும் கேட்டார். "உமக்கென்ன விசரே? பஸ்ஸை ரெண்டடி நகத்திப்போட்டு நிப்பாட்டியிருக்கலாமே. பயணம் தொடங்கினதெண்டுதானே கணக்கு. பிறகு ஆறுதலா ஆக்களை எண்ணியிருக்கலாம்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் சாத்திரமும் அரைகுறை.

அதற்குப் பிறகு அந்த ஊர் அரங்கில் ஒருவருக்கும் உதவாத முகாமையாளராக இருந்தேன். தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பச் சொன்னார்கள். நிரம்பியவற்றை ஊற்றிவிட்டுத் திரும்ப நிரப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே வேலையும் போகாமல் பிள்ளையும் வந்துவிட்டால் நல்லது என்று பேரம் பேசினேன். நல்லூரானுக்கு நான் வைத்த நேர்த்திக்கடன்களில் சில, இப்போது யோசித்தால், ஒன்றோடொன்று முரண்பட்டவை. ஹைவேயில் ஏறினால் காலை முறிப்பேன் என்று அவளைப் பயமுறுத்தியதையும் அங்கேயே வாபஸ் வாங்கினேன். இன்றைக்கும் அந்தச் சாலையில் பெரிய லொறி பக்கத்தில் வந்தால் என் கை சீற்பெல்ற்றைப் பிடித்துக்கொள்ளும்.

வீரர்கள் பயிற்சிக்காக ஐஸில் இறங்கத் தொடங்கியபோது பின்கதவு திறந்தது. முதலில் ஒரு பெரிய பை வந்தது, பிறகு கோல்கீப்பர். அவர் கையில் என் இடியப்பப் பெட்டி, வெறுமையாக. கதவு நிலையை இரண்டு தரம் தட்டினார்.

"உங்கள் சாரதியைவிட இவள் நன்றாக ஓட்டுகிறாள்" என்றார். "அந்தத் தேங்காய்ச் சம்பல் இன்னும் இருக்கிறதா?"

பயிற்சியாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த சனியும் நீதான் கூட்டிப்போகிறாய். எண்ணிக்கொண்டு ஏறு."

எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிப்பிடித்து அழுதேன். ஏசவும் செய்தேன், இரண்டையும் ஒரே மூச்சில்.

"டோன்ட் ஃப்ரீக் அவுட் அம்மா. நாங்கள் வெளிக்கிட்டது ஒன்பதரைக்கு, முழு ராகு காலம்" என்றாள். "எங்கட ஸ்காபரோ முடியுமட்டும் ரோட்டில ஒரு தமிழாக்களும் இல்லை. எல்லாரும் பத்தரை ஆகுமட்டும் வீட்டில இருக்கினம்போல. சுகமா வந்திட்டன்."