பஸ்ஸுக்கு ஆள் எண்ணப் போன இரண்டு நாள்

போனவர்கள்: ஆலோசகர் சார், சென்னை. கவிதா, கணக்கெடுக்கிற பிள்ளை, விருதுநகர். நான், வண்டி ஓட்டுகிறவன், காரியாபட்டி. வேறு யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை 5.40. விருதுநகரில் லாட்ஜ் வாசலிலிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், வெள்ளை. முன் கண்ணாடியில் ‘அரசுப் பணி’ என்று தாள் ஒட்டியிருந்தது. சார் ஒட்டச் சொன்னார்.

ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று எனக்குப் பிடிபடவில்லை. போக்குவரத்து அதிகாரியா என்று கேட்டேன். இல்லையாம். எந்தத் தடத்தில் பஸ் ஓடலாம், எதை நிறுத்தலாம் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பாராம். மேற்கொண்டு கேட்கவில்லை.

6.10. திருத்தங்கலில் டீ. பன்னிரண்டு ரூபாய். சிவகாசி தாண்டி, தாயில்பட்டிப் பக்கம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் பொட்டல், கருவேலம். நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். பட்டாசுக் கம்பெனிகள்.

6.55. போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் பின்னால் வருகிறது. மீட்டரில் நாற்பத்து நாலு கிலோமீட்டர். அங்கிருந்து சிவகாசிக்குக் காலையில் ஒரே டவுன் பஸ், 7.20. அதில் ஏறுகிறவர்களை இரண்டு நாள் எண்ண வேண்டும். சராசரி இருபத்தைந்துக்குக் குறைந்தால் நிறுத்தலாம் என்று சார் எழுதிவிடுவார்.

நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. நான் பார்த்தேன். காரை ஓரம் கட்டி இறங்கித் திரும்பினால் ஒருவரும் இல்லை. ஒரு தூக்குவாளி மட்டும் தரையில் இருந்தது. எங்கே போனார்கள் என்று சார் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

பஸ் வந்தது. மூன்று பேர் ஏறினார்கள். கவிதா குறித்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

அப்புறம்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி. தூக்குவாளி அவளுடையது. அதை எடுத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். நாங்கள் எதற்கு வந்தோம் என்று கவிதா சொன்னாள். செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

போன வாரம் இதே மாதிரி வெள்ளைக் கார் வந்ததாம். ரெய்டுக்கு வந்தவர்கள், வீட்டில் வைத்து வெடிக்குத் திரி வைத்த இரண்டு பேரைக் கூட்டிப் போய்விட்டார்கள். அது சட்டத்துக்கு விரோதம். அங்கே இன்னும் சிலர் செய்கிறார்கள். ஊர்ப் பெயரை எழுதாதது அதனால்தான்.

செல்வி அந்த வேலைக்குப் போகிறவள் இல்லை. சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் பைண்டிங். பிறகு ஏன் ஓடினாய் என்றேன்.

“எல்லாரும் ஓடுனாக. நானும் ஓடுனேன்” என்றாள்.

எங்களால் பஸ்ஸைத் தவறவிட்டதால் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டோம். வழியில் அவள் சாரைக் கேட்டாள்.

“நீங்க பஸ் விடுவீகளா?”

“நான் விட முடியாதும்மா.”

“நிறுத்துவீகளா?”

“நானா நிறுத்த முடியாது. சொல்லத்தான் முடியும்.”

“அம்புட்டுக்குத்தான் சென்னையில இருந்து வந்தீகளா?”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சிவகாசியில் இறங்கும்போது அவள் இன்னொன்று சொன்னாள்.

“இந்த பஸ் நின்னா எங்க ஊர்ல வேன் மட்டுந்தான் சார். அது பட்டாசுக் கம்பெனி வேன். அங்க வேலைக்கு வாரவுகளத்தான் ஏத்துவாக. ரெண்டு வருசம் முன்னாடி அங்கன இருந்துதான் தப்பிச்சு வந்தேன். திரும்ப அதுல ஏறவெச்சுராதீக.”

புதன்கிழமை. வெள்ளைக் காரைப் பார்த்து மறுபடி ஓடிவிடக் கூடாது என்று காரைச் சிவகாசியிலேயே விட்டோம். 6.20க்கு அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். எனக்கும் சாருக்கும் பதினான்கு ரூபாய் வீதம் டிக்கெட். கவிதாவுக்குக் காசில்லாத டிக்கெட்.

7.10. ஊரில் திருவிழாக் கூட்டம். செல்வி முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள், ரெய்டு இல்லை, பஸ்ஸுக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்று. அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் ஏறினார்கள். கவிதாவின் கணக்கில் அறுபத்தொன்று. கண்டக்டருக்கு நிற்க இடமில்லை. இத்தனை நாளாக எங்கே இருந்தீர்கள் என்று ஏசினார்.

அடுத்த நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே பாதிக்கு மேல் இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்கள். இறங்கப் போன ஒரு பெரியவரிடம், எங்கே போகிறீர்கள் என்று சார் கேட்டார்.

“எங்கயும் இல்ல சார். உங்களுக்காகத்தான் ஏறுனோம். நல்லாப் போட்டுக்கோங்க.”

சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். செல்வி முன்னால் நின்றாள். திரும்பவே இல்லை.

சிவகாசியில் இறங்கியதும் சார் அவளிடம் கேட்டார், மற்ற நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று. எண்ணியதில்லை என்றாள். உட்கார இடம் கிடைக்காது, நின்றுதான் வருவேன், அது மட்டும் தெரியும் என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மூன்றாவது நாள் எண்ணலாமே என்று நான் சொன்னேன். இரண்டு நாளுக்குத்தான் உத்தரவாம். வியாழக்கிழமை வேறு தடம்.

11 மணி. விருதுநகர். லாட்ஜ் வாசலில் காரை நிறுத்தியும் சார் இறங்கவில்லை. முதல் நாள் கணக்கு பயத்தில் வந்தது, இரண்டாம் நாள் கணக்கு பாசத்தில் வந்தது, எதை எழுதுவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு கவிதாவிடம் கேட்டார்.

“ஏறுறவங்களைத்தானே எண்ணச் சொல்லியிருக்கு?”

“ஆமா சார். எங்க இறங்குறாங்கன்னு கேக்கச் சொல்லல.”

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். எழுதினார். இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் கார் வந்தால் யாரும் ஓடுவதில்லை. வேலையில்லாமல் பஸ் ஏறுவதும் இல்லை. அந்த ஊரில் இரண்டும் பார்த்துவிட்டேன். சார் எழுதியது பொய்யா, சரியா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. அந்த பஸ்ஸில் இரண்டு நாளில் ஒரு நாளும் சார் போட்ட கணக்குக்குச் சரியாக ஆள் ஏறவில்லை. இருபத்தைந்தைத் தாண்டியதா, எத்தனை போட்டார் என்று கவிதாவிடம் கேட்டேன்.

முப்பத்திரண்டு.