வீட்டுக்குள் வந்ததும் தமிழான சொற்கள்

கேன்டீனுக்குக் கொடுக்க வேண்டிய அழைப்பை மேனேஜருக்குக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு உப்பிட்டு (உப்புமா) எத்தனை பேருக்கு என்று யாரோ அவரிடம் கேட்டிருக்கிறார்கள். மைசூரில் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர் நான். எல்லா செக்‌ஷன் எண்களும் விரல் நுனியில் என்று பெருமை பேசியவள்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு இருமுனை மனநோய் (மனம் சில வாரம் கட்டுக்கடங்காமல் பொங்கி, பிறகு மாதக்கணக்கில் முடங்கிப்போகும் நோய்) என்று தெரிந்தது. லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து) என்னைக் கரையேற்றியது. தூக்கம் திரும்பியது, சிரிப்பும் திரும்பியது. எண்கள் மட்டும் திரும்பவில்லை.

மனம் தேறினாலும் சிலருக்குக் கவனமும் ஞாபகமும் பின்தங்கும் என்றார் டாக்டர். உங்களுக்கும் அப்படியென்றால் மாத்திரையைத் திட்டி நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

அலுவலகம் மூன்று மாத விடுப்பு தந்தது. அதற்குள் சரியாகாவிட்டால் டெலிபோன் போர்டில் வேறு ஆள். அந்த நாற்காலியும் போனால் நான் வெறும் நோயாளிதான் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் அறிதிறன் பயிற்சி (கவனத்தையும் நினைவையும் பழக்கித் தேற்றுவது) ஆரம்பித்தார்கள். அப்போது அது புதிது. செய்தித்தாளில் ஒரே எழுத்தைத் தேடித்தேடிக் கோடு போட்டு அடிக்க வேண்டும், கலந்த தானியங்களைப் பிரிக்க வேண்டும். என் கணவர் ரகு துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் கலந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படிப்பார். இத்தனை பிரியமாக என்னை யாரும் படுத்தியதில்லை.

பயிற்சி தந்த மேடம் தார்வாடைச் சேர்ந்த இளம்பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கன்னடத்தில் பத்துச் சொற்கள் படிப்பார். ஒவ்வொன்றையும் நம் வீட்டில் ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வரிசையாக எடுத்துச் சொல்ல வேண்டும். பாகிலு, குப்பி, பெங்கி என்று அவர் படிக்கப் படிக்க, நான் கண்ணை மூடி அடுக்கினேன். திரும்பச் சொன்னதும் அவர் முகம் வாடியது. பத்துக்கு இரண்டு என்றார். எனக்கு அழுகை முட்டியது.

மூலையில் உட்கார்ந்திருந்தார் ரகு. டாக்டர்கள் முன்னால் வாயே திறக்காதவர் எழுந்து நின்றார்.

"ஹேளித்தாளல்லா மேடம், தமிளல்லி ஹேளித்தாளே."

சொல்லிவிட்டாளே, தமிழில் சொல்லிவிட்டாளே என்கிறார். உண்மைதான். பாகிலுக்குக் கதவு, குப்பிக்குச் சிட்டுக்குருவி, பெங்கிக்கு நெருப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் தமிழில்தானே இருக்கிறது! ரகு ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, மேடம் தாளைத் திருத்தினார். பத்துக்கு எட்டு. பிறகு மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு நான் அழுதேன், ரகுவும்.

உள்ளே போனது தொலையவில்லை, வேறு பெயரில் இருக்கிறது என்று அன்று புரிந்தது. அதன் பிறகு பயிற்சிக்குப் பயமில்லாமல் போனேன். மூன்றாவது மாதக் கடைசியில் போர்டு எனக்கே திரும்பியது.

பழைய வேகம் வரவில்லை. அந்த வேகத்தில் பாதி நோயுடையது என்று இப்போது தோன்றுகிறது. மருந்தால் விரல்கள் லேசாக நடுங்கும். மணி அடித்ததும் எண் உடனே வராது. முன்பென்றால் பதறியிருப்பேன். இப்போது ஒரு மூச்சு நிதானிக்கிறேன், அது வருகிறது. மறுமுனையில் இருப்பவர் காத்திருக்கிறார். காத்திருக்கட்டும்.